இணையப் பக்கத்தின் இயங்கும் உறுப்புகள்

நுழையும்முன்

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில், பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் உள்ளிட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெற்றிடமாக இருந்த பகுதியில் சில நொடிகளில் மதிப்பெண் பட்டியல் தோன்றுகிறது. அப்பட்டியலை எவரும் நமக்கென முன்பே பக்கமாக எழுதி வைத்திருக்கவில்லை. நாம் கேட்ட பிறகே அது உருவாயிற்று. இவ்வாறு நம் கண்முன்னே சேர்ந்தும் மாறியும் மறைந்தும் இயங்கும் உறுப்புகள் எவ்வாறு செயல்படுகின்றன? திரையில் நாம் காணும் மாற்றம், உண்மையிலேயே நிகழ்ந்துவிட்ட மாற்றம்தானா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

ஓலையும் திரையும்

ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்தை அழித்து எழுத இயலாது. பிழை நேர்ந்தால் அதனை அடித்துவிட்டு அருகில் எழுதவேண்டும். இல்லையேல் அவ்வேட்டை விலக்கிப் புதிய ஏட்டில் மீண்டும் எழுதிச் சேர்க்கவேண்டும். அச்சு நூல்கள் வந்த பின்னரும் இந்நிலை முற்றிலும் மாறவில்லை. அச்சேறிய பிறகு கண்டறிந்த பிழைகளை, 'பிழைதிருத்தம்' என்னும் தனிப்பட்டியலாக நூலோடு இணைத்து வெளியிட்டனர். எழுதியது எழுதியதாகவே நிற்கும் என்பதே ஏட்டுக்கும் தாளுக்கும் பொதுவான இயல்பு.

தொடக்கக்கால இணையப் பக்கங்களும் ஏறத்தாழ அச்சுத்தாளைப் போன்றவையே. ஒருவர் எழுதிச் சேவையகத்தில் வைத்த கோப்பு, கேட்பவர் அனைவருக்கும் ஒரே வடிவில் சென்று சேர்ந்தது. சேவையகம் என்பது பக்கங்களையும் தரவுகளையும் சேமித்து வைத்துக் கேட்போருக்கு வழங்கும் கணினியாகும். உலாவி என்பது அப்பக்கத்தைப் பெற்று நம் திரையில் காட்டும் மென்பொருளாகும். யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும் மாறாமல் வரும் பக்கத்தை நிலையான பக்கம் என்பர்.

கேட்பவர், கேட்கும் நேரம், அவர் செய்யும் செயல் ஆகியவற்றுக்கேற்ப மாறும் பக்கம் இயங்குநிலைப் பக்கம் எனப்படும். இம்மாற்றம் இரண்டு இடங்களில் நிகழலாம். சேவையகத்திலேயே பக்கம் புதிதாக ஆக்கப்பட்டு நமக்கு வந்து சேர்வது ஒருவகை. பக்கம் உலாவிக்கு வந்து சேர்ந்த பிறகு, அதன் ஒரு பகுதி மட்டும் அங்கேயே மாறுவது மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகையில் மாறும் பகுதிகளையே இயங்கும் உறுப்புகள் என இப்பாடம் குறிப்பிடுகிறது.

படிப்பதிலிருந்து எழுதுவதற்கு

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரை ஒட்டி அமைந்துள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகளாவிய வலைக்கான முன்மொழிவை எழுதினார். 1990ஆம் ஆண்டின் இறுதியில் அவர் முதல் உலாவியை உருவாக்கினார். பக்கங்களைப் படிப்பதோடு, அவற்றை எழுதவும் திருத்தவும் அவ்வுலாவியில் இயன்றது. ஆயினும், 1993ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் பரவிய மொசைக் போன்ற உலாவிகள் படிப்பதற்கே உரியவையாக அமைந்தன. எழுதும் உரிமை பக்கத்தை உருவாக்கியவரிடமே தங்கிவிட்டது.

இழந்த அந்த உரிமையை மீட்கும் முயற்சிகள் விரைவிலேயே தோன்றின. 1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்க நிரலாளர், படிப்பவர் எவரும் திருத்தக்கூடிய 'விக்கி' வகைத் தளத்தை முதன்முதலில் வெளியிட்டார். அதே ஆண்டு மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக், உலாவிக்குள்ளேயே இயங்கும் நிரல்மொழி ஒன்றின் முதல் வடிவத்தைப் பத்து நாள்களில் உருவாக்கினார். பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் எனப் பெயர்பெற்ற அம்மொழியே, இன்று பக்கங்களை இயங்கச் செய்யும் முதன்மையான கருவியாகும்.

மொழி இருந்தும் ஒழுங்கு இல்லை. பக்கத்தின் உறுப்புகளை அணுக ஒவ்வோர் உலாவியும் ஒவ்வொரு முறையைக் கையாண்டது. ஓர் உலாவியில் இயங்கிய பக்கம் மற்றொன்றில் இயங்கவில்லை. இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டு, 1998ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் 'ஆவணப் பொருள் மாதிரி' என்னும் பொது நெறிமுறையின் முதல் நிலையை வெளியிட்டது.

அதன்பின், முழுப் பக்கத்தையும் மீண்டும் தருவிக்காமல், தேவையான தரவை மட்டும் சேவையகத்திலிருந்து பின்னணியில் பெறும் முறை வளர்ந்தது. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஜிமெயிலும் 2005ஆம் ஆண்டில் வெளிவந்த கூகுள் மேப்ஸும் இம்முறையின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தின. நிலப்படத்தை விரலால் நகர்த்தும்போது, புதிய பகுதி மட்டும் வந்து இணைவதை இன்று இயல்பாகக் கருதுகிறோம். அதற்குமுன் ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கம் முழுவதும் மறைந்து மீண்டும் தோன்றக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பக்கம் என்னும் கிளைமரம்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பள்ளி நூலகத்திற்கென இணையப் பக்கம் ஒன்றை உருவாக்குகிறோம். மேலே தலைப்பு, அதன்கீழே தேடல் பெட்டி, அதனை அடுத்து நூல்களின் பட்டியல். ஒவ்வொரு நூலுக்கும் பெயர், ஆசிரியர், 'உள்ளது' அல்லது 'இரவலில் உள்ளது' என்னும் குறிப்பு, 'முன்பதிவு செய்க' என்னும் பொத்தான் ஆகியவை உண்டு.

நம் கண்ணுக்கு இது எழுத்துகள் நிரம்பிய ஒரு தாளாகத் தோன்றும். உலாவிக்கோ இது ஒரு கிளைமரம். ஆவணம் என்பது வேர். அதிலிருந்து தலைப்பும் தேடல் பெட்டியும் பட்டியலும் கிளைக்கின்றன. பட்டியலிலிருந்து ஒவ்வொரு நூலும், ஒவ்வொரு நூலிலிருந்து அதன் பெயரும் குறிப்பும் பொத்தானும் கிளைக்கின்றன. குடும்ப உறவுகளைக் குறிப்பதுபோலவே மேலுள்ள உறுப்பைத் தாய் உறுப்பு என்றும், அதனுள் அடங்கியவற்றைச் சேய் உறுப்புகள் என்றும், ஒரே தாயின் கீழ் அமைந்தவற்றை உடன்பிறப்புகள் என்றும் வழங்குவர்.

மரத்தின் ஒரு கிளையைத் தொட வேண்டுமெனில், அதனை அடையாளங்காண வழி வேண்டும். அதற்காகவே உறுப்புகளுக்குப் பெயரிடுகிறோம். ஒரே ஓர் உறுப்புக்கு மட்டும் உரிய பெயர் தனி அடையாளம். பல உறுப்புகளுக்குப் பொதுவாக அமையும் பெயர் வகுப்பு. வகுப்பறையில் மாணவரின் பதிவெண்ணுக்கும் பிரிவின் பெயருக்கும் உள்ள வேறுபாடே இங்கும் உள்ளது. இருவருக்கு ஒரே பதிவெண் தரப்பட்டால் ஒருவரின் மதிப்பெண் மற்றவர் கணக்கில் ஏறிவிடும். தனி அடையாளத்தை இரண்டு உறுப்புகளுக்கு இட்டாலும் அத்தகைய குழப்பமே விளையும்.

சேர்த்தல்

நூலகத்திற்குப் புதிய நூல் ஒன்று வந்துள்ளது. அதனைப் பட்டியலில் சேர்ப்பதற்கு நிரல் மூன்று படிகளைக் கடக்கிறது.

முதற்படி, ஆக்கல். பட்டியலுக்குரிய புதிய உறுப்பு ஒன்றை உலாவி உருவாக்குகிறது. இந்நிலையில் அது கணினியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும், திரையில் தோன்றாது.

இரண்டாம் படி, நிரப்பல். நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் அவ்வுறுப்பினுள் இட்டு, அதற்குரிய அடையாளத்தையும் வகுப்பையும் அமைக்கிறோம்.

மூன்றாம் படி, பொருத்தல். அவ்வுறுப்பைப் பட்டியல் என்னும் தாய் உறுப்பின் இறுதியிலோ, நாம் விரும்பும் உடன்பிறப்புக்கு முன்னரோ இணைக்கிறோம். அந்நொடியில்தான் அது திரையில் தோன்றுகிறது.

ஏற்கெனவே ஓரிடத்தில் உள்ள உறுப்பை எடுத்து வேறோர் இடத்தில் பொருத்தினால், அது இரண்டாகப் பெருகுவதில்லை. பழைய இடத்திலிருந்து பெயர்ந்து புதிய இடத்தை அடைகிறது. மரத்தின் ஒரு கிளை ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருக்கவியலாது. இரண்டு வேண்டுமெனில், முதலில் அதற்குப் படி ஒன்றை எடுத்துப் பின்னரே பொருத்தவேண்டும்.

நூறு நூல்களை ஒருங்கே சேர்க்க நேர்ந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியே பொருத்துவதைக் காட்டிலும், நூறையும் நினைவகத்தில் தொகுத்து ஒரே முறையில் பொருத்துவது நன்று. திரையில் உள்ளவற்றின் இட அளவைக் கணிக்கும் வேலை அதனால் குறைகிறது. விலை குறைந்த திறன்பேசியிலும் பக்கம் தடையின்றி இயங்கும்.

திருத்தல்

சேர்த்தலைவிடத் திருத்தலே மிகுந்த கவனத்தை வேண்டுவது. நூலொன்று இரவல் கொடுக்கப்பட்டவுடன், 'உள்ளது' என்னும் குறிப்பு 'இரவலில் உள்ளது' என மாற வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அக்குறிப்பை மட்டும் கண்டறிந்து அதன் எழுத்துகளை மாற்றுவது. மற்றொன்று, பட்டியல் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது. இரண்டாவது எளிதாகத் தோன்றும். இரண்டு வழிகளிலும் முடிவில் திரை ஒன்றுபோலவே காட்சியளிக்கும்.

ஆனால், அழித்தெழுதும்போது காணாமற்போவன சில உண்டு. பட்டியலுக்குள் மாணவர் ஒருவர் நூல் குறித்துப் பாதி எழுதி வைத்திருந்த குறிப்பு மறைந்துவிடும். விசைப்பலகையின் சுட்டி நின்ற இடம் தவறிவிடும். பழைய பொத்தான்களுடன் இணைத்து வைத்த கட்டளைகளும் அவற்றோடு அழிந்துபோகும். சுவரில் ஆணி ஒன்றை மாற்ற வீட்டையே இடித்துக் கட்டுவது போன்றது இது. மாற வேண்டியதை மட்டும் மாற்றுதல், மற்றவற்றை இருந்தபடியே விடுதல் என்பது திருத்தலின் முதல் விதியாகும்.

நீக்கலிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஓர் உறுப்பைத் திரையில் தெரியாமல் மறைக்கலாம். அல்லது கிளைமரத்திலிருந்தே அகற்றலாம். மறைத்தது ஆவணத்திற்குள் இருந்துகொண்டேயிருக்கும். சிறிது முயன்றால் எவரும் அதனைக் காணலாம். ஆகவே, பிறர் அறியக்கூடாத தகவலை மறைத்து வைப்பது பாதுகாப்பாகாது. அதனை உலாவிக்கு அனுப்பாதிருத்தலே தக்கது.

நிகழ்வும் மறுவினையும்

பொத்தானை அழுத்துதல், எழுத்தை உள்ளிடுதல், பக்கத்தை நகர்த்துதல் ஆகிய ஒவ்வொன்றும் உலாவிக்கு ஒரு நிகழ்வு. எந்த நிகழ்வுக்கு எந்த மறுவினை என்பதை நிரல் முன்கூட்டியே அறிவித்து வைக்கிறது.

இங்கே புதியவர்கள் பெரும்பாலும் ஒரு சிக்கலை எதிர்கொள்வர். பக்கம் திறந்தபோது இருந்த 20 நூல்களின் பொத்தான்களுக்கும் மறுவினையை அமைத்துவிட்டனர். பின்னர்ச் சேர்ந்த 21ஆவது நூலின் பொத்தானை அழுத்தினால் எதுவும் நிகழவில்லை. பார்வைக்கு அது மற்றப் பொத்தான்களைப் போன்றதே. ஆனால், கட்டளை பிறப்பிக்கப்பட்ட வேளையில் அது பிறந்திருக்கவில்லை.

இதற்குரிய தீர்வு கிளைமரத்தின் அமைப்பிலேயே உள்ளது. சேய் உறுப்பில் நிகழும் நிகழ்வு அங்கேயே நின்றுவிடுவதில்லை. தாய்க்கும், தாயின் தாய்க்கும் எனப் படிப்படியாக மேலேறிச் செல்கிறது. ஆகவே, ஒவ்வொரு பொத்தானிலும் தனித்தனியே காத்திருப்பதற்கு மாற்றாகப் பட்டியல் என்னும் தாய் உறுப்பில் ஒருமுறை மட்டும் காத்திருந்தால் போதும். எந்தச் சேயிடமிருந்து நிகழ்வு வந்தது எனக் கேட்டறிந்து அதற்கேற்ப மறுவினை ஆற்றலாம். இனி எத்தனை நூல்கள் சேர்ந்தாலும் அவற்றின் பொத்தான்கள் இயங்கும்.

திரை சொல்வதும் சேவையகம் சொல்வதும்

இதுவரை கண்ட மாற்றங்கள் அனைத்தும் ஒருவரது உலாவிக்குள் நிகழ்பவை. உலாவியில் உள்ளது பக்கத்தின் படி மட்டுமே. மூலத்தரவு சேவையகத்தில் உள்ளது. மாணவி ஒருவர் 'முன்பதிவு செய்க' என்னும் பொத்தானை அழுத்தியவுடன் திரையில் 'முன்பதிவு ஆயிற்று' என்று எழுதிவிடுவது எளிது. அவ்வேளையில் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தால் அச்செய்தி பொய்யாகும். நூலுக்கு நேர்ந்தால் சிறிய ஏமாற்றத்தோடு முடிந்துவிடும். கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தின் இறுதி நாளன்று நேர்ந்தால், ஓர் ஆண்டே வீணாகக்கூடும்.

எனவே, சேவையகம் ஏற்றுக்கொண்டது என்னும் மறுமொழி வரும்வரை 'அனுப்பப்படுகிறது' என்று காட்டவேண்டும். மறுமொழி வந்தபின் 'பதிவாயிற்று' என்று காட்டவேண்டும். மறுமொழி வராவிடில், 'பதிவாகவில்லை; மீண்டும் முயல்க' என்று தெளிவாகக் கூறவேண்டும்; மாணவி எழுதியவற்றை அழியாமல் காக்கவும் வேண்டும்.

ஒரே நூலின் கடைசிப் படியை இருவர் ஒரே நேரத்தில் முன்பதிவு செய்ய முயன்றால் என்ன ஆகும்? இருவர் திரையிலும் 'உள்ளது' என்றே இருக்கும். இதனைத் தீர்க்க, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பெண் இடுவர். திருத்தம் அனுப்பும்போது தாம் பார்த்த பதிப்பெண்ணையும் உலாவி சேர்த்து அனுப்பும். அதற்குள் மற்றொருவர் அப்பதிவை மாற்றியிருந்தால், எண் பொருந்தாததைக் கண்டு சேவையகம் மறுத்துவிடும். 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரே பத்தியை இருவர் ஒரே வேளையில் திருத்தினால், பின்னர்ச் சேமிப்பவருக்கு முரண்பாடு குறித்த அறிவிப்பு வருவதும் இக்கருத்தின் அடிப்படையிலேயே ஆகும். அங்கு ஒவ்வொரு கட்டுரையின் பழைய பதிப்புகளும் காக்கப்படுகின்றன. எவர், எப்போது, எதனை மாற்றினார் என்பதை அதன் வரலாற்றுப் பக்கத்தில் காணலாம். தவறான திருத்தம் நேர்ந்தால் முந்தைய பதிப்புக்கு மீளலாம்.

தெரிந்து தெளிவோம்

பெரும்பாலான கணினி உலாவிகளில், பக்கத்தின் உறுப்புகளை ஆராயவும் மாற்றவும் உதவும் கருவி உள்ளது. அதனைக் கொண்டு எவரும் தம் திரையில் தோன்றும் செய்தித்தளத்தின் தலைப்பையோ மதிப்பெண் பட்டியலின் எண்ணையோ சில நொடிகளில் மாற்றிவிடலாம். அம்மாற்றம் அவருடைய உலாவியில் உள்ள படியில் மட்டுமே நிகழும். பக்கத்தைப் புதுப்பித்தால் மறைந்துவிடும். ஆனால், மறைவதற்குள் எடுத்த திரைப்படி எங்கும் பரவக்கூடும். எனவே, திரைப்படியை மட்டும் சான்றாகக் கொள்ளாமல் உரிய தளத்திற்கே சென்று சரிபார்த்தல் வேண்டும்.

இதே காரணத்தால், உலாவியில் செய்யும் சரிபார்ப்பை மட்டும் நம்பிச் சேவையகம் தரவை ஏற்கக்கூடாது. 'ஒருவருக்கு இரண்டு நூல்களே' என்னும் விதியைத் திரையில் மட்டும் அமைத்தால், உறுப்பை மாற்றத் தெரிந்தவர் அதனை எளிதில் கடந்துவிடுவார்.

தமிழ் எழுத்தும் திருத்தமும்

தமிழில் பக்கம் அமைப்போர் அறியவேண்டிய தனிக்கூறுகள் சில உள்ளன. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் 1991ஆம் ஆண்டு வெளிவந்த முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டன. அம்முறையில் உயிர்மெய்யும் மெய்யும் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட குறிகளால் ஆனவை. 'தமிழ்' என்னும் சொல் இலக்கணப்படி மூன்றெழுத்து. கணினியோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாக அதனைச் சேமிக்கிறது.

தேடல் பெட்டியிலோ கருத்துப் பெட்டியிலோ 'இத்தனை எழுத்துகளே இடலாம்' என வரம்பு விதிக்கும்போது இவ்வேறுபாடு தலைதூக்கும். 'நூல்' என்பது கணினிக்கு நான்கு குறிகள். மூன்று குறிகளோடு வெட்டினால் புள்ளி நீங்கி 'நூல' என நிற்கும். இடமின்மையால் தலைப்பைச் சுருக்கும் உறுப்புகள் இவ்வாறு சொல்லைச் சிதைப்பதைப் பல பக்கங்களில் காணலாம். குறிகளை எண்ணாமல், படிப்பவர் ஓரெழுத்தாகக் காணும் அலகுகளை எண்ணி வெட்டுவதே முறை. அதற்கான வசதி இன்றைய உலாவிகளில் உள்ளது.

மற்றொரு சிக்கல் கண்ணுக்கே புலப்படாதது. 'கொ' என்னும் எழுத்தைக் ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு எகரக்குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினி அவற்றை வெவ்வேறாகக் கொள்ளும். நூலகப் பட்டியலில் 'கொடி' ஒருவகையாகவும் தேடல் பெட்டியில் மற்றொரு வகையாகவும் அமைந்தால், இருக்கும் நூலையே 'இல்லை' என்று பக்கம் கூறிவிடும். ஆகவே, ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்திற்குக் கொணர்தல் வேண்டும்.

உள்ளே வருவது எழுத்தா, கட்டளையா?

பயனர் எழுதுவதைப் பக்கத்தில் சேர்க்கும்போது, அதனை வெறும் எழுத்தாகச் சேர்க்கலாம், குறியிடுமொழியாகவும் சேர்க்கலாம். குறியிடுமொழி என்பது எது தலைப்பு, எது பொத்தான், எது நிரல் என்பதை உலாவிக்கு உணர்த்தும் மொழி. பயனர் எழுதியதை ஆராயாமல் குறியிடுமொழியாக ஏற்றால், அவர் எழுதிய நிரலையும் உலாவி கட்டளையாகக் கொண்டு நிறைவேற்றிவிடும்.

இதன் விளைவை உலகம் 2005ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கண்டது. மைஸ்பேஸ் என்னும் சமூக வலைத்தளத்தில் 19 வயது இளைஞர் ஒருவர் தம் பக்கத்தில் சிறு நிரல் ஒன்றை மறைத்து வைத்தார். அப்பக்கத்தைப் பார்த்தவர்களின் நண்பர் பட்டியலில் அவர் பெயர் சேருமாறும், அந்நிரல் அவர்களது பக்கத்திலும் படியெடுத்துக்கொள்ளுமாறும் அது அமைந்திருந்தது. ஒரு நாளுக்குள்ளாகவே 10 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் பக்கங்களுக்கு அது பரவிற்று. தளத்தையே சிறிது நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆகவே, பயனர் தருவதை எழுத்தாகவே கொள்ளுதல் பொதுவிதி. குறியிடுமொழியாக ஏற்பது தவிர்க்கவியலாத இடத்தில், தீங்கு விளைக்கும் பகுதிகளைக் களைந்த பின்னரே ஏற்றல் வேண்டும்.

காணாதவருக்கும் தெரியும் மாற்றம்

பார்வைக் குறைபாடுடையோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் உதவியால் இணையப் பக்கங்களைச் செவிவழி அறிகின்றனர். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய 'என்விடிஏ' என்னும் திரைவாசிப்பானை எவரும் இலவசமாகப் பெறலாம்.

நிலையான பக்கத்தைத் திரைவாசிப்பான் மேலிருந்து கீழாக வாசித்துச் செல்லும். இயங்கும் உறுப்பு மாறும்போதுதான் இடர் தோன்றுகிறது. கேட்பவர் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கையில், மேலே 'பதிவாகவில்லை' என்னும் செய்தி தோன்றினால் அவர் அதனை அறியமாட்டார். பார்ப்பவரின் கண்ணில் உடனே படும் சிவப்பு எழுத்து, அவருக்கு இல்லாத ஒன்றாகிவிடுகிறது.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை இதற்கு வழி கூறுகிறது. மாறக்கூடிய பகுதியை 'இது மாறும். மாறினால் அறிவிக்க' என்னும் பொருள்படக் குறித்துவைக்கலாம். வாசித்துக்கொண்டிருப்பதை முடித்தபின் பணிவாக அறிவிக்க வேண்டுமா, இடைமறித்து உடனே அறிவிக்க வேண்டுமா என்பதையும் குறிக்கலாம். புதிய நூல் சேர்ந்ததற்கு முதல்வகை போதும். விண்ணப்பம் பதிவாகவில்லை என்பதற்கு இரண்டாம் வகை வேண்டும். அனைத்தையும் உடனே அறிவிக்கச் செய்தால், இடைவிடாத குறுக்கீட்டால் பக்கத்தையே பயன்படுத்த இயலாமற்போகும்.

ஓர் உறுப்பை நீக்கும்போது, விசைப்பலகையின் சுட்டி எங்குச் செல்லும் என்பதையும் எண்ணவேண்டும். நீங்கிய பொத்தானிலேயே அது நின்றிருந்தால், பயனர் பக்கத்தின் தொடக்கத்திற்குத் தள்ளப்படக்கூடும். சுட்டியை அடுத்த நூலுக்கு நகர்த்தி வைப்பது ஒரு வரி நிரலில் முடியும் வேலை. அவ்வொரு வரியால், விசைப்பலகையை மட்டும் நம்பியிருக்கும் ஒருவர் பட்டியல் முழுவதையும் மீண்டும் கடக்கும் துன்பம் நீங்குகிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மின்னணுத் தகவல்கள் அனைவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என வலியுறுத்துகிறது.

நிறைவாக

எழுத்தாணியும் அச்சுக்கோப்பும் திருத்தத்தை அரிதாக்கின. அதனால் எழுதுவோர் எழுதும்முன் பலமுறை எண்ணினர். இணையப் பக்கம் திருத்தத்தை எளிதாக்கியுள்ளது. எளிமை கூடக்கூடப் பொறுப்பும் கூடுகிறது. சரியான உறுப்பைக் கண்டறிதல், மாற வேண்டியதை மட்டும் மாற்றுதல், மாற்றம் சேவையகத்தில் பதிந்ததை உறுதிசெய்தல், அதனை அனைவரும் அறியச் செய்தல் ஆகிய நான்கும் பொருந்தியிருக்கும் பக்கமே நம்பத்தக்க பக்கம்.

நாளை உங்களுள் ஒருவர் விண்ணப்பப் பக்கம் ஒன்றை உருவாக்கக்கூடும். அதில் 'பதிவாயிற்று' என்னும் ஒரு சொல்லைத் திரையில் எழுத ஓரிரு வரி நிரல் போதும். அச்சொல்லை நம்பி ஒரு மாணவர் கணினியை அணைத்துவிட்டு எழுந்து செல்வார் என்பதை நினைவிற்கொண்டு அவ்வரிகளை எழுதுங்கள்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் இணையப் பக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் நிலையான பகுதிகளையும் இயங்கும் உறுப்புகளையும் அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் பள்ளி நூலகத்திற்கான இணையப் பக்கத்தைக் கிளைமரமாக வரைந்து, தாய், சேய், உடன்பிறப்பு உறுப்புகளைக் குறித்துக் காட்டுக.

3. 'பூங்கொத்து', 'கொன்றை' ஆகிய சொற்களில் இலக்கணப்படி எத்தனை எழுத்துகள் உள்ளன என எண்ணுக. கணினி அவற்றை எத்தனை குறிகளாகச் சேமிக்கலாம் என்பதைக் குழுவாகக் கலந்துரையாடுக.

4. 'திரைப்படி சான்றாகுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.